பழைய ரீஃப் டேங்க்ல ட்ரை ராக் சேர்க்கிறது: கேள்வியும் அதுக்கப்புறம் நடந்ததும்

9 பிப்ரவரி 2023

ரீஃப் டேங்க்னா பவளம் வளர்க்குற கடல்தண்ணித் தொட்டி, ட்ரை ராக்னா அதுக்குள்ள போடுற காஞ்ச சுண்ணாம்புக்கல்லு. தொண்டியிலேருந்து ஒரு தம்பி கேட்டது இது: "அண்ணே, ரெண்டடி மெரைன் டேங்க், மூணு வருஷமா ஓடுது. கல்லு கம்மி, மீனுக்கு ஒளிய எடமில்ல. ட்ரை ராக் ஒரு நாலு கிலோ வாங்கிப் போடலாம்னு இருக்கேன். போட்டா டேங்க் திரும்ப முதல்லேருந்து சைக்கிள் ஆகுமா? மீனையெல்லாம் எடுத்து வேற எடத்துல விடணுமா?"

ஆகாது தம்பி. மீன் கழிவுலேருந்து வர்ற அமோனியாவ நைட்ரைட்டா மாத்தி, நைட்ரைட்ட நைட்ரேட்டா மாத்துற பாக்டீரியா கல்லுலயும் மணல்லயும் குடியேறுறதுக்குப் பேருதான் சைக்கிள். மூணு வருஷ டேங்க்ல அதெல்லாம் எப்பவோ குடியேறியாச்சு. புதுசா வெறுங்கல்லு உள்ள வந்தா அதுங்களுக்கு எடம் கூடுது, பழைய எடத்த விட்டு எதுவும் போகாது. மீனை எடுக்கவேணாம், தைரியமா போடு.

நானும் இப்ப அதே வேலையிலதான் இருக்கேன். ராமேஸ்வரம் பக்கத்துல மண்டபம் ஊர்ல வீடு, படகு எஞ்சின் வேலை பாக்குறேன். டேங்க் ரெண்டரை அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்னேகால் அடி, கணக்குக்கு 110 லிட்டர் வரும், கல்லு மணல் போக தண்ணி 85 லிட்டர்தான். அஞ்சு வருஷமாச்சு. ஹேட்சரியில பொரிச்ச க்ளவுன் மீன் ஜோடி ஒண்ணு, ஒரு பிளென்னி மீன், ஒரு கோபி மீனும் அதுகூட ஒரே வளையில குடித்தனம் பண்ற பிஸ்டல் இறாலும், பாசி மேயுற நத்தை, அப்புறம் மஷ்ரூம், சோவா, க்ரீன் ஸ்டார் பாலிப்னு பவள வகைங்க. அவ்வளவுதான் குடும்பம். மதுரையில நண்பர் ஒருத்தர் டேங்க்க கலைச்சுட்டார், அவர் மொட்டைமாடியில ஒரு வருஷமா காஞ்சு கிடந்த மூணு கல்லு, 4.2 கிலோ, நாளைக்கு எனக்கு வருது.

11 பிப்ரவரி

முந்தாநாள் "தைரியமா போடு"ன்னு சொன்னேன்ல, அத வாபஸ் வாங்கிக்கிறேன். கல்லு வந்துருச்சு. சாக்கைப் பிரிச்சதுமே கருவாட்டு வாசம். டார்ச் அடிச்சுப் பாத்தா ஓட்டைக்குள்ள காஞ்ச ஸ்பாஞ்சு, புழுக்குழாய், கருப்பா ஒரு பசை. இதெல்லாம் தண்ணியில பட்டா அழுகும், அழுகுனா அமோனியாதான். பாக்டீரியா இருக்குறது வேற, அது சமாளிக்கிற அளவு வேற. நாலு மீனுக்குப் பழகின பாக்டீரியாகிட்ட ஒரே நாள்ல ஒரு கூடை அழுகலக் கொடுத்தா அது என்ன செய்யும், அதுவும் 85 லிட்டர்ல?

அதனால தம்பி, மொதல்ல கல்லு எங்கேருந்து வந்துச்சுன்னு பாரு. ட்ரை ராக்னு சொல்ற ஒரே பேருல ரெண்டு சாமான் விக்கிறாங்க. ஒண்ணு நிலத்துலேருந்து வெட்டி எடுக்குறது, எப்பவோ கடலா இருந்த எடத்துல படிஞ்ச பழைய சுண்ணாம்புப்பாறை, அதுல அழுக ஒண்ணும் இருக்காது. இன்னொண்ணு யாரோ டேங்க்ல வச்சிருந்து காயப்போட்டது. என்னது ரெண்டாவது ரகம்.

12 பிப்ரவரி

ஒருத்தர் கேட்டாரு, பெரிய அண்டாவுல போட்டுக் கொதிக்க வச்சா எல்லாம் செத்துருமேன்னு. அய்யா, தயவுசெஞ்சு யாரும் கல்லை வேகவைக்காதீங்க. சோவா வளர்ந்த கல்லுல பாலிடாக்சின்னு ஒரு விஷம் இருக்கலாம், ரொம்ப பொல்லாதது, ஆவியோட மூச்சுல போனா குடும்பத்தோட ஆஸ்பத்திரிதான். இந்தக் கல்லு இருந்த டேங்க்ல சோவா இருந்துச்சுன்னு நண்பரே சொன்னார். கையுறை போட்டுத்தான் தொடுறேன், பிரஷ் போட்டுத் தேய்க்கும்போது கண்ணாடியும் போட்டுக்கிறேன், பாப்பாவ அந்தப் பக்கமே விடல.

26 பிப்ரவரி

செஞ்சத வரிசையா எழுதிடுறேன், பலபேர் கேட்டாச்சு.

ஓட்டை ஓட்டையா கம்பியவிட்டுக் குடைஞ்சு, வெளியில குழாயடியில வச்சுத் தேய்ச்சேன். அப்புறம் பெரிய வாளியில வாசனை சேர்க்காத ப்ளீச் கலந்து ஒரு நாள் முழுக்க ஊறவச்சேன், உள்ள இருந்த கருப்புப் பசை கரைஞ்சு நுரையா மேல வந்துச்சு. அந்தத் தண்ணியக் கொட்டிட்டு மூணு தடவை நல்ல தண்ணி, நாலாவது தடவை ஹைப்போ கலந்த தண்ணி, குளோரின் எடுக்க. பிறகு மாடியில ஒரு வாரம் வெயில். நம்ம ஊரு வெயிலுக்கு இதுல மட்டும் குறையே சொல்லமுடியாது. ஆறாவது நாள் மூக்குகிட்ட வச்சு மோந்து பாத்தேன், சுண்ணாம்பு வாசம் மட்டும்தான் வந்துச்சு.

இப்ப மூணு கல்லும் மூடிபோட்ட பிளாஸ்டிக் டிரம்முல கடல்தண்ணியில கிடக்கு. உள்ள தண்ணிய ஓடவைக்கிற சின்ன பம்ப், பவர்ஹெட், ஒண்ணு சுத்துது, வெளிச்சம் கிடையாது, வெளிச்சம் இருந்தா பாசி வந்துரும். கூடவே டேங்க்லேருந்து ஒரு பிடி பழைய செராமிக் துண்டு போட்டிருக்கேன், பாக்டீரியா விதைக்கு.

ஆசிட்ல போட்டு எடுக்கலாம்னு ஒருத்தர் சொன்னார். கக்கூஸ் கழுவுற ஆசிட்டத் தண்ணியில நல்லா நீர்க்கவிட்டு முக்குனா மேல்தோல் கரைஞ்சு அதோட அழுக்கும் போயிரும், நெசம்தான். நான் செய்யல. நான் ஏற்கெனவே ப்ளீச் போட்டாச்சு, ப்ளீச்சோட மிச்சம் துளி ஆசிட்ல சேந்தாலும் குளோரின் வாயு வரும். வீட்டுல சின்னப்புள்ளை இருக்கு.

5 மார்ச்

இந்தக் கேள்வி வரும்னு தெரியும், வந்துருச்சு. "மண்டபத்துல இருந்துக்கிட்டு கல்ல ஏன் மதுரையிலேருந்து கொண்டாரீங்க, கரையில கிடக்குறத நாலு பொறுக்குனா ஆச்சு."

கிடக்குதுதான். கச்சான்னு சொல்ற தென்மேற்குக் காத்து அடிச்சு ஓய்ஞ்சதும் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கரையில போய்ப் பாருங்க, விரல்விரலா கொம்புக்கல்லு, மூளைக்கல்லு, வெள்ளைவெளேர்னு ஒதுங்கிக் கிடக்கும். அதுல ஒண்ணக்கூட நான் எடுக்கமாட்டேன். கல்லுப்பவளம் அத்தனையும் 2001லேருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு, புலி இருக்குற அதே அட்டவணை. உயிரோட இருந்தாலும் செத்து ஒதுங்கினதா இருந்தாலும் எடுத்தா குத்தம்தான். ராமேஸ்வரத்துலேருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவும் 1986லேருந்து தேசியப் பூங்கா, அங்க கால வைக்கவே அனுமதி வேணும்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லல. எங்க தாத்தா கல்லெடுக்கப் போனவர். 60கள்ல வத்தைங்கிற சின்னப் படகக் கொண்டுபோய் பாருல, அதான் பவளத்திட்டுல, நிறுத்திட்டு, இடுப்பளவு தண்ணியில கடப்பாறையால நெம்பி, பொளந்த கல்லைத் தூக்கி வத்தையில போட்டு கரைக்குக் கொண்டாந்து காளவாசலுக்குக் கொடுப்பாங்க. சுண்ணாம்பாகும், ஃபேக்டரிக்கும் போகும். எங்க பழைய வீட்டுச் சுவரே அந்தக் கல்லுதான், காரை உதிர்ந்த எடத்துல நட்சத்திரம் நட்சத்திரமா பவளத்தோட அச்சு தெரியும், சின்னப்புள்ளையில அதுல விரல வச்சுத் தேய்ச்சுக்கிட்டே இருப்பேன். அன்னைக்கு அது குத்தமும் இல்ல, வேற பொழைப்பும் இல்ல, தாத்தாவை நான் குறைசொல்லமாட்டேன். ஆனா அவரே கடைசி காலத்துல திண்ணையில உக்காந்து சொல்லுவார், "கல்ல எடுத்தோம், அலை உள்ள வந்துருச்சு"ன்னு. பூவரசன்பட்டி, விலாங்குசல்லின்னு ரெண்டு தீவு இன்னைக்குத் தண்ணிக்கு மேல இல்ல. சுத்தி இருந்த பாரை வெட்டி எடுத்ததும் அதுக்கு ஒரு முக்கியமான காரணம்.

அதனால நான் கல்லுக்குக் காசு கொடுப்பேன், மதுரைக்கும் போவேன்.

6 மார்ச்

நேத்து எழுதுனதுக்கு நிறைய பேர் பதில் போட்டிருக்கீங்க, கீழக்கரை ஆளு ஒருத்தர் அவங்க தெருவுல இன்னும் கல்லுச்சுவர் வீடு இருக்குன்னு சொன்னார். தனுஷ்கோடியில 1964 புயல்ல இடிஞ்ச சர்ச்சும் அதே கல்லுதான், போறவங்க கிட்டப் போய்ப் பாருங்க, அச்சு தெரியும்.

டிரம்முல அமோனியா 0.5 ppm இருந்துச்சு, இன்னைக்கு 0.

19 மார்ச்

அமோனியா பூஜ்யம் ஆனதும் போட்டுரலாம்னு நெனச்சேன், பாசிக்கு உரமாகுற பாஸ்பேட்டப் பாத்ததும் கை நின்னுருச்சு. ஹன்னா செக்கர்ங்கிற டெஸ்ட் மீட்டர்ல 0.87 ppm. என் டேங்க்ல 0.08. மொத்தத் தண்ணியும் மாத்திட்டு ஒரு வாரம் கழிச்சுப் பாத்தா 0.64. திரும்ப மாத்துனேன், 0.41.

ப்ளீச் பாஸ்பேட்ட எடுக்காதுங்கிறது இங்கதான் எனக்குப் புரிஞ்சுச்சு. அழுகல எடுக்கும், ஆனா அந்தக் கல்லு பழைய டேங்க்ல வருஷக்கணக்கா தீனியும் கழிவும் கலந்த தண்ணியில கிடந்து, பாஸ்பேட் சுண்ணாம்போட ஒட்டி உள்வரைக்கும் போயிருக்கு. நல்ல தண்ணியில போட்டா கொஞ்சம் கொஞ்சமா விடும். உப்புக்கருவாட்ட ஊறவைக்கிறோம்ல, மொதல் தண்ணியில மேலுப்பு போகும், அரைமணிநேரம் கழிச்சுக் கடிச்சுப் பாத்தா உள்ள இன்னும் கரிக்கும், அதே கதைதான். தண்ணிய மாத்திக்கிட்டே இருக்கணும். லாந்தனம் குளோரைடு ஊத்துனா பாஸ்பேட்டப் பிடிச்சு வெள்ளைப்பொடியா கீழ படியவிடும், சீக்கிரம் முடியும். எனக்கு அவசரமில்ல, கடல் நூறடியில இருக்கு.

தண்ணி எங்க எடுக்குறீங்கன்னு கேட்டவருக்கு: இப்ப தென்கடல் அமைதி, அதனால தென்கடல்ல கொஞ்சம் வெளிய போய் அள்ளுறேன். கச்சான் மாசங்கள்ல அந்தப் பக்கம் கலங்கிரும், அப்ப வடகடல், அதாவது பாக் விரிகுடா. ஐப்பசி கார்த்திகையில மழைத்தண்ணி கலந்து வடகடல்ல உப்பு இறங்கும், உப்பு அளக்குற ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாம அள்ளாதீங்க. கறுப்பு டிரம்முல ரெண்டு வாரம் மூடிவச்சுட்டுத்தான் டேங்க்குக்கு ஊத்துவேன், அடர்த்தி 1.025 இருக்கணும்.

2 ஏப்ரல்

ரெண்டு கல்லு உள்ள போயாச்சு. டிரம் தண்ணியில பாஸ்பேட் 0.15 வரைக்கும் இறங்குச்சு. மூணாவது, இருக்குறதுலயே பெருசு, அதத் தனியா ஒரு வாளியில வச்சுப் பாத்தா இன்னும் 0.3க்கு மேல விடுது, அத டிரம்முலயே விட்டுட்டேன்.

கல்லு வைக்கிறதப் பத்திக் கொஞ்சம் நெறையவே எழுதுறேன், ஏன்னா இதுல தப்பு நடந்தா கண்ணாடியே போயிரும். மணல்மேல கல்ல வைக்கவே கூடாது. என் கோபியும் இறாலும் இருக்கே, இறாலுக்குக் கண்ணு சரியாத் தெரியாது, ஒரு மீசைய எப்பவும் கோபி முதுகுமேல வச்சுக்கிட்டே புல்டோசர் மாதிரி மணலத் தள்ளித் தள்ளி வெளிய கொட்டும். கல்லுக்கு அடியில ஒரு ராத்திரியில சுரங்கம் போட்டுரும், மேல இருக்குற கல்லு சரிஞ்சா மீனும் நசுங்கும், கண்ணாடியும் விரியும். அதனால மணல விலக்கி, அடிக்கண்ணாடி தெரியுறவரைக்கும் விலக்கி, கல்லோட பாதம் கண்ணாடியில உக்கார்ற மாதிரி வச்சு, அப்புறம் சுத்தி மணலத் தள்ளணும். மேல கல்லுக்கும் கீழ கல்லுக்கும் நடுவுல எபாக்ஸி உருண்டை, அதோட ரெண்டு பக்கமும் சூப்பர் க்ளூ ஜெல். கைய விட்டு ஆட்டிப் பாத்தா அசையக்கூடாது.

மணல விலக்குறப்ப ஒரு எடத்துல கறுப்பு மணல் வந்துச்சு, அழுகுன முட்டை நாத்தம். அத அப்படியே சைஃபன் குழாய வச்சு உறிஞ்சி வெளிய விட்டேன், கிளறல. அஞ்சு வருஷ மணலக் கிளறினா உள்ள இருக்குற ஹைட்ரஜன் சல்ஃபைடு மொத்தமா மேல வரும். கல்லப் பத்தி எல்லாரும் பயப்படுறாங்க, கல்லு வைக்கும்போது மணலுக்கு என்ன ஆகுதுன்னு யாரும் பாக்குறதில்ல.

ரெண்டு கல்லும் உள்ள போனப்ப வழிஞ்ச தண்ணிய மக்குல பிடிச்சு அளந்தேன், ஒன்னேகால் லிட்டர்.

3 ஏப்ரல்

பாப்பா நேத்து கல்லு உள்ள போறவரைக்கும் கூடவே நின்னா. "ராமேஸ்வரத்துல தொட்டியில மிதக்குதே, இது மட்டும் ஏன்ப்பா முழுகுது"ன்னு கேட்டா. ஓட்டைக்குள்ள காத்து அடைச்சிருக்குற அளவப் பொறுத்ததுன்னு சொன்னேன். ஆறு வாரம் தண்ணியில கிடந்த கல்லுதான், தூக்கி மாத்தி வச்ச அந்த ரெண்டு நிமிஷத்துல காத்து பூந்து, ராத்திரிவரைக்கும் ஒவ்வொரு ஓட்டையிலேருந்தும் கடுகு கடுகா குமிழி ஏறிக்கிட்டே இருந்துச்சு. பிளென்னி ஒவ்வொரு குமிழியா கொத்திப் பாத்துச்சு.

அமோனியா 0.

23 ஏப்ரல்

புதுக்கல்லுமேல பழுப்பா தூசி மாதிரி டயாட்டம்ங்கிற பாசி. எதிர்பாத்ததுதான். டர்க்கி பேஸ்டர் மாதிரி ரப்பர் பந்துவச்ச ஊதுகுழாயால ஊதிவிடுறேன், நத்தை மேயுது. பாஸ்பேட் 0.11, நைட்ரேட் 10. தொண்டித் தம்பி, ரெண்டு கிலோ போட்டேன்னு சொன்னீங்களே, ரீடிங் என்ன?

14 மே

தடைக்காலம். ஏப்ரல் 15லேருந்து 61 நாளு விசைப்படகு எதுவும் போகாது, அத்தனை பேரும் இப்பதான் எஞ்சின இறக்குவாங்க. காலையில ஆறு மணிக்குப் போனா ராத்திரி பத்து. டேங்க்குக்கு நேரமே இல்ல. வெயிலும் பொறுக்கல, மதியம் டேங்க் 31 டிகிரி, ரெண்டு ஃபேன் தண்ணிமேல ஓடுது, ஒருநாளைக்கு ரெண்டு லிட்டர் ஆவியாப் போகுது. வீட்டுலதான் ஆர்ஓ தண்ணிய ஊத்துறாங்க, கோடு போட்டுக் கொடுத்திருக்கேன், கோடு வரைக்கும்.

கடலுக்குள்ளயும் இதே மாசங்கள்தான் ஆபத்து. 2010லயும் 2016லயும் மன்னார் வளைகுடாவுல பவளம் வெளுத்துச்சு, 2016ல நிறைய மீளவே இல்ல. தண்ணி 30 தாண்டி வாரக்கணக்கா நின்னா பவளம் தன்கிட்ட குடியிருக்குற பாசியத் துப்பிரும். இங்க நான் ஃபேன் போட்டுட்டேன்.

28 மே

ஆன்லைன்ல ஒரு கடையில நிலத்துலேருந்து வெட்டுன கல்லு, மூணு கிலோ, ரெண்டு துண்டு, பளிச்சுன்னு வெள்ளை. அழுகல் இல்ல, வாசமில்ல. நல்லாக் கழுவி, ஒரு ராத்திரி உப்புத்தண்ணியில வச்சு அமோனியா பாத்தேன், இல்ல. பாஸ்பேட் பாத்தேன், இல்ல. அப்படியே இன்னைக்கு உள்ள வச்சுட்டேன். ரெண்டையும் ஒண்ணா. பழைய கல்லுக்கு ஆறு வாரம் ஆச்சு, இதுக்கு ஒரு ராத்திரி போதும்.

25 ஜூன்

இல்ல, போதல.

தடைக்காலம் முடிஞ்சு படகெல்லாம் போனப்புறம் இன்னைக்குத்தான் உக்காந்து டெஸ்ட் பண்ணேன். நாலு வாரமா ஒரு டெஸ்ட்டும் இல்ல. பாஸ்பேட் 0.00. செக்கர் கெட்டுப்போச்சோன்னு கண்ணாடிக்குப்பியத் துடைச்சுத் திரும்பப் பாத்தேன், 0.00. நைட்ரேட் 2. மஷ்ரூம் சுருங்கி காசு அளவு ஆயிருச்சு. எதுவும் வச்சு எடுக்கல, பாஸ்பேட்ட உறிஞ்சுற மீடியா எதுவும் போடல. மீனுக்கு அதே தீனி. நடுவுல தண்ணி மட்டும் ரெண்டு தடவை மாத்தியிருக்கேன்.

ராத்திரி யோசிச்சுப் பாத்தா பதில் மார்ச் 19ல நானே எழுதிவச்சிருக்கேன். சுண்ணாம்பு பாஸ்பேட்டப் பிடிக்கும், விடும். நெறைஞ்ச கல்லு விடும்னா காலிக்கல்லு இழுக்கும்ல. கோடையில காஞ்ச வயக்காட்டு மண்ணு மொத மழைய எப்படிக் குடிக்குதோ அப்படி இந்த ரெண்டு வெள்ளைக்கல்லும் என் டேங்க் பாஸ்பேட்டக் குடிச்சிருக்கு. அதுமேல நான் கடல்தண்ணி வேற மாத்துனேன், வெளியிலேருந்து அள்ளுன அந்தத் தண்ணியில என் செக்கர் 0.01 காட்டுது.

பாஸ்பேட் விடுறது மட்டும்தான் ட்ரை ராக்கோட ஆபத்துன்னு மூணு மாசமா இங்க சொல்லிட்டிருந்தேன். படிச்சு அதையே நம்பி இருந்தவங்க இதையும் படிங்க.

2 ஜூலை

டைனோ.

டைனோஃப்ளாஜெல்லேட்டுங்கிற ஒத்தைச்செல் உயிரு, பாஸ்பேட்டும் நைட்ரேட்டும் தீந்து சாதாரணப் பாசி வளராத எடத்தப் பிடிச்சுக்கும். மணல்மேலயும் அந்த ரெண்டு கல்லுமேலயும் பழுப்பா சளி மாதிரி இழை, இழை நுனியில குமிழி. காலையில பாத்தா ஒண்ணுமே இருக்காது, லைட் போட்டு மத்தியானம் ஆச்சுன்னா முழுக்கப் போர்த்திரும், ராத்திரி திரும்ப மறைஞ்சிரும். டயாட்டம் அப்படி வந்துபோகாது. சோதிக்க வழி இருக்கு: அந்த சளியக் கொஞ்சம் தண்ணியோட பாட்டில்ல எடுத்து நல்லாக் குலுக்கி, டிஷ்யூ பேப்பர்ல வடிகட்டி, வடிஞ்ச தண்ணிய வெளிச்சத்துல வைங்க. ஒருமணிநேரத்துல திரும்ப இழையாச் சேந்துச்சுன்னா டைனோதான். எனக்கு நாப்பது நிமிஷத்துல சேந்துருச்சு.

மூணு நத்தை செத்துப்போச்சு.

9 ஜூலை

பாப்பா ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க மைக்ராஸ்கோப்புல பாக்கவிட்டாங்க. பாட்டில்ல கொண்டுபோயிருந்தேன். 400 மடங்குல ஒவ்வொண்ணும் புளியங்கொட்டை நுனியக் கூர்மையாக்கின மாதிரி, பழுப்பா, நேரா நீந்தல, நங்கூரம் போட்ட வத்தை காத்துக்குச் சுத்துமே, அதேமாதிரி ஒரு புள்ளியில நின்னு சுத்திக்கிட்டே இருந்துச்சு. ஆஸ்ட்ரியோப்சிஸ். நத்தை ஏன் செத்துச்சுன்னு தெரிஞ்சுபோச்சு, அதுக்கு விஷம் உண்டு. ஆனா ஒரு வசதியும் உண்டு, இந்த ரகம் ராத்திரியானா மணல விட்டுத் தண்ணியில மிதக்கும், அப்ப யுவி லேம்ப் வழியா தண்ணி ஓடுனா சாகும். மணலுக்குள்ளயே இருக்குற ஆம்ஃபிடினியம் ரகமா இருந்தா யுவி பிரயோஜனமில்ல. அதனால யாருக்கு டைனோ வந்தாலும் மொதல்ல மைக்ராஸ்கோப், அப்புறம்தான் செலவு.

டீச்சருக்கு என் நன்றி. பாப்பாதான் இப்ப வகுப்புல அதைப் படம் வரைஞ்சு காட்டுறா.

12 ஜூலை

செய்யுறது: தண்ணி மாத்துறத நிறுத்தியாச்சு. கழிவ நுரையா எடுக்குற ஸ்கிம்மர் பகல்ல ஆஃப். 9 வாட்ஸ் யுவி ராத்திரி முழுக்க. தீனி ரெண்டு மடங்கு. நைட்ரேட்டுக்குப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசல், தினமும் கொஞ்சம், 8க்கு ஏத்தி வச்சிருக்கேன். மூணு நாள் டேங்க்க போர்வையால மூடி இருட்டுல விட்டேன். பாஸ்பேட்தான் ஏறமாட்டேங்குது. சோடியம் பாஸ்பேட் சொட்டு விட்டா சாயங்காலம் 0.05, விடிஞ்சா 0.01. அந்தக் கல்லு இன்னும் குடிக்குது.

ரெண்டு கல்லையும் வெளிய எடுத்துடுங்கண்ணேன்னு நாலுபேர் சொல்றீங்க. யோசிச்சேன். எபாக்ஸி வச்சு ஒட்டியாச்சு, பெயர்த்தா மணல் கிளறும், இப்ப இருக்குற நெலமையில அது வேணாம். குடிக்கிறதுக்கும் ஒரு அளவு இருக்கும்ல, நெறைஞ்சா நிக்கும்.

16 ஜூலை

டிரம்முல பிப்ரவரியிலேருந்து கிடக்குதே மூணாவது கல்லு, இன்னும் பாஸ்பேட் விட்டுக்கிட்டிருக்குற அந்தப் பெரிய கல்லு. அதத் தூக்கி டேங்க்ல வச்சுட்டேன். சொட்டு மருந்து ஒருநாள்ல தீந்துபோகுது, இது ராத்திரிபகலா விட்டுக்கிட்டே இருக்கும். விடுற கல்லும் குடிக்கிற கல்லும் ஒரே தொட்டியில.

இத யாரும் வைத்தியம்னு எடுத்துக்காதீங்க. நாலு மாசமா இந்தக் கல்லோட ரீடிங்க எழுதி வச்சிருக்கேன், எவ்வளவு விடும்னு எனக்குத் தெரியும், அந்தத் தைரியத்துல செஞ்சது.

30 ஜூலை

பாஸ்பேட் சொட்டு இல்லாமலே 0.03. மத்தியானம் பாத்தா இழை பாதிக்குமேல குறைஞ்சிருக்கு. அந்த வெள்ளைக்கல்லுல பச்சையா, மெல்லிசா, சாதாரணப் பாசி. இத்தனை வருஷத்துல பச்சைப்பாசியப் பாத்து சந்தோஷப்பட்டது இதுதான் முதல்தடவை. பாசி வந்துச்சுன்னா டைனோவுக்கு எடம் போகுதுன்னு அர்த்தம்.

20 ஆகஸ்ட்

டைனோ இல்ல. பாஸ்பேட் 0.05, நைட்ரேட் 8. யுவிய நிறுத்திட்டேன். மஷ்ரூம் விரிய ஆரம்பிச்சிருச்சு. ஒரு சோவா கொத்து மட்டும் போச்சு, நாலு வருஷமா வச்சிருந்தது, பச்சை நடுவும் ஆரஞ்சு ஓரமும். அது போனது எனக்கு வருத்தம்தான்.

3 செப்டம்பர்

தொண்டித் தம்பி எழுதியிருக்கார், அவர் போட்டது ரெண்டு கிலோ வெட்டுன கல்லு, பாதிப்பாதியா ஒரு மாச இடைவெளி விட்டுப் போட்டாராம், பாஸ்பேட் 0.10லேருந்து 0.04க்கு இறங்கி நின்னுச்சாம், ஒரு பிரச்சினையும் இல்ல. தம்பி, எனக்கு நேரம் இல்லாம நான் விட்ட எடத்த நீங்க சரியாச் செஞ்சிருக்கீங்க. மூணு கிலோவ ஒரே நாள்ல வச்சதும், நாலு வாரம் டெஸ்ட் பண்ணாததும், ரெண்டும் சேந்துதான் என்னைக் கவுத்துச்சு. இனிமே யார் கேட்டாலும் நான் சொல்றது இதுதான்: ஒருதடவைக்கு ஒரு கல்லு, அதுக்கப்புறம் ஒரு மாசம், வாரம் ஒருதடவை பாஸ்பேட். இறங்குனாலும் ஏறுனாலும் அடுத்த கல்லு வெளியவே இருக்கட்டும்.

சிமெண்ட்ல நாமளே கல்லு செஞ்சா என்னன்னு கேட்டவருக்கு: செய்யலாம், கடல்லயே செய்யுறாங்க. தூத்துக்குடிகிட்ட வான் தீவு தேஞ்சுக்கிட்டு வந்தப்ப அலைய உடைக்க சிமெண்ட்ல பெரிய பெரிய சரிவக வடிவ அமைப்பா கீழ இறக்குனாங்க, அதுமேல இப்ப பவளம் பிடிச்சிருக்கு, மீன் அண்டுது. ஆனா கடல் பெருசு. நம்ம 80 லிட்டர்ல புது சிமெண்ட் பிஎச்ச ஏத்திரும், வாரக்கணக்கா தண்ணி மாத்தி மாத்தி ஊறவச்சு பிஎச் நின்னப்புறம்தான் உள்ள வைக்கணும்.

26 நவம்பர்

மூணு மாசமா எழுதல, எழுத ஒண்ணும் நடக்கல, அது நல்ல சேதி. வாடை அடிக்குது, நாலு நாளா மழை, வடகடல்ல போன வாரம் அள்ளுன தண்ணி 1.020தான் காட்டுச்சு, கொட்டிட்டேன்.

கோரலைன், அதான் கல்லுமேல ஒட்டிப் படர்ற ரோஸ் பாசி, வந்துருச்சு. பழைய கல்லுலேருந்து ஆகஸ்ட்ல பல்லு பிரஷ்ஷால கொஞ்சம் சுரண்டி தண்ணியில பறக்கவிட்டிருந்தேன். நேத்து வாளி மாத்தும்போது டார்ச் அடிச்சுப் பாத்தா, அந்த வெட்டுக்கல்லோட நிழல் பக்கம், மிளகு அளவுக்கு ரோஸ் கலர்ல வட்டம். எண்ணுனேன், பதினொண்ணு. பாப்பா வந்து எண்ணுனா, பதிமூணுங்கிறா, அவ கண்ணுதான் சரியா இருக்கும்.

பிளென்னி அந்தக் கல்லுல ஒரு ஓட்டையப் பிடிச்சிருச்சு. லைட் அணைஞ்சதும் வாலை உள்ளவிட்டுப் பின்பக்கமாவே போய், தலை மட்டும் வெளிய. மூணு கல்லு போக இன்னும் ஒரு துண்டு வாங்கி வச்சிருக்கேன், டிரம்முல கிடக்கு. தையில போடுவேன், வாரவாரம் ரீடிங் இங்கயே எழுதுறேன்.

27 நவம்பர்

மேல "மூணு கல்லு"ன்னு எழுதிட்டேன், மதுரைக் கல்லு மூணு, வெட்டுக்கல்லு ரெண்டு, ஆக உள்ள இருக்குறது அஞ்சு. டிரம்முல கிடக்குறது ஆறாவது.